ரைஸ்மில் மாப்பிள்ளையின் இரண்டு சுவிட்சுகள்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற பாதையில், மேலகரத்தில், முத்துராமலிங்கத்தின் ரைஸ்மில் இருந்தது. மில்லுக்குப் பின்னால் வீடு. வீட்டுக்குள் ஒரே மகள் அகிலாண்டேஸ்வரி. அவளைக் கட்டிக்கொண்டு அதே வீட்டில் வந்து தங்கியவன் வல்லிநாயகம். ஊரில் யாரைக் கேட்டாலும் இதே வரிசையில்தான் சொல்வார்கள். கடைசியில் நிற்பவனுக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருக்கிறது என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. ‘ரைஸ்மில் மாப்பிள்ளை’ என்றால் தபால்காரர் முதற்கொண்டு எல்லோருக்கும் விளங்கிவிடும். மாமனார் அந்த மரியாதைகூடக் கொடுக்க மாட்டார். எதிரே உட்கார்ந்திருந்தாலும் மகளைக் கூப்பிட்டு, “ஏட்டி, அந்த ஆளைச் சாப்பிடச் சொல்லு” என்பார்.

அவனுக்குச் சொந்த ஊர் சுந்தரபாண்டியபுரம். வீட்டில் நெல்லும் அண்ணன்மாரும் நிறைய. பாளையங்கோட்டையில் இன்டர்மீடியட் வரைக்கும் படித்தவன், கெட்டிக்காரன், நல்லவன், சூதுவாது தெரியாதவன். ஒரே ஒரு குறை, பிறவி அவசரக்காரன். காபியை ஆற்றிக் குடித்த நாள் அவன் சரித்திரத்திலேயே இல்லை. நாக்கு எந்நேரமும் வெந்து கிடந்ததால் குழம்பில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் அவனுக்குத் தெரியாது. அகிலாண்டேஸ்வரிக்கு இது பெரிய சௌகரியம். ரயில் நிற்பதற்கு முன்னால் இறங்கிவிடுவான். தென்காசிக்கு டிக்கெட் எடுத்திருந்தாலும் பாவூர்சத்திரத்திலேயே இறங்கிவிடுவான். அருவிக்குப் போனால் சட்டையைக் கழற்றுவதற்குள் தலையைக் கொடுத்துவிடுவான். கல்யாணத்தன்று கெட்டிமேளம் கொட்டுவதற்கு முன்பே மூன்று முடிச்சையும் போட்டு முடித்துவிட்டு, “அடுத்து என்ன?” என்று ஐயரைப் பார்த்தான். நாயனக்காரர் சீவாளியை வாயில் வைத்தபடி திகைத்து நின்றார். முத்துராமலிங்கம் அப்போது அவனை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை வருஷக்கணக்காகியும் அவர் முகத்தை விட்டு இறங்கவில்லை.

இப்படிப்பட்டவனுக்கு உலகத்தில் பிடிப்பதற்கு எத்தனையோ பைத்தியங்கள் உண்டு. சீட்டு, சேவற்சண்டை, நாடகம் என்று எதையாவது பிடித்திருக்கலாம். போயும் போயும் வயர்லெஸ் பைத்தியத்தைப் பிடித்துக்கொண்டான்.

பாட்டுக் கேட்கிற பெட்டி அல்ல இது. வீட்டில் உட்கார்ந்தபடி, எங்கோ ஒரு ஊரில் தன்னைப் போலவே பெட்டி வைத்திருக்கும் இன்னொரு பைத்தியத்தோடு ஆகாய மார்க்கமாகப் பேச வேண்டும், அவ்வளவுதான் லட்சியம். அதற்குச் சர்க்கார் லைசென்ஸ் கொடுத்திருந்தது. லைசென்ஸ்படி பெட்டியைப் பற்றிப் பேசலாம், மழை வெயிலைப் பற்றிப் பேசலாம். குடும்ப விஷயமோ வியாபார விஷயமோ மூச்சு விடக்கூடாது. யுத்தம் வந்ததும் அதே சர்க்கார் ஆளனுப்பி லைசென்ஸைப் பிடுங்கி, பெட்டியைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு போனது வேறு கதை. நான் சொல்வது அதற்கு முந்தின வருஷத்து ஆனி மாதம், சீசன் தொடங்கிச் சாரல் விழுந்துகொண்டிருந்த சமயம்.

அவனோடு பேசுகிற எதிர்ப்பைத்தியம் கொழும்பில் இருந்தான். பெயர் தாணு, செங்கோட்டைக்காரன், அங்கே ஒரு ஜவுளிக்கடையில் வேலை. ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதுகூட இல்லை. சின்னப் பெட்டியில் தந்தி மாதிரி கட்டையைத் தட்டித்தான் இத்தனை காலமும் பேசிக்கொண்டார்கள். முத்துராமலிங்கம் இதைப் பேச்சு என்றே ஒப்புக்கொள்ளவில்லை. “டொக்கு டொக்குன்னு தட்டுததுக்குப் பேரு பேச்சா? அப்பம் மரங்கொத்தியும் பேசத்தான் செய்யுது” என்பார்.

குரல் போக வேண்டுமானால் பலம் வேண்டும். அதற்காக வல்லிநாயகம் பீரோ உயரத்துக்கு ஒரு ஆம்ப்ளிஃபையர் கட்டினான். தாணுவும் அங்கே ஒன்று கட்டி முடித்து, இவனுடையது தயாராகட்டும் என்று காத்திருந்தான். படம் ஓடாமல் நொடித்துப்போன ஒரு டூரிங் டாக்கீஸ்காரனிடம் ஜெனரேட்டரை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மில் ஓடாத நேரத்தில் மில் எஞ்சினோடு பட்டை மாட்டிக்கொள்ள வல்லிநாயகம் ஏற்பாடு செய்தான். ஆம்ப்ளிஃபையரின் நெற்றியில் இரண்டு கத்தி சுவிட்சுகள். கைப்பிடியை மேலே தூக்கினால் கரண்டு பாயும். ஒன்று சூட்டு சுவிட்ச், மற்றது பெரிய சுவிட்ச்.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவன் வாழ்க்கை மாட்டிக்கொண்டது. உள்ளே இருந்த பெரிய வால்வு ஜோடி சாதாரணக் கண்ணாடிக் குப்பி அல்ல; அடியில் சொட்டுப் பாதரசம் கிடக்கும். முதலில் சூட்டு சுவிட்சைப் போட வேண்டும். உள்ளே கம்பி பழுத்து, பாதரசம் ஆவியாகி, குப்பி பக்குவத்துக்கு வர வேண்டும். அதன் பிறகே பெரிய சுவிட்ச். அது ஆயிரக்கணக்கான வோல்ட் சங்கதி. குப்பி பக்குவப்படுவதற்குள் அதைத் தூக்கினால் உள்ளே மின்னல் வெட்டி வால்வு செத்துப்போகும். பக்கத்தில் இருப்பவனும் கூடவே போகாமல் இருந்தால் அது அவன் பெண்டாட்டி கும்பிட்ட தெய்வத்தின் புண்ணியம்.

முதல் ஜோடி வந்த அன்று வல்லிநாயகம் இரண்டு கையாலும் இரண்டு சுவிட்சையும் ஒரே தூக்காகத் தூக்கினான். ஒரே வேலையாக முடியுமல்லவா? குப்பிக்குள் நீலமாக ஒரு வெட்டு, டமார் என்று ஒரு சத்தம். தொழுவத்தில் கட்டியிருந்த மாடு அறுத்துக்கொண்டு ஓடிப்போய் ஐந்தருவிப் பக்கம் அகப்பட்டது.

அதற்கு அகிலாண்டேஸ்வரி ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். அவனைச் சும்மா காத்திருக்கச் சொல்வதில் பிரயோஜனமில்லை என்று அவளுக்குத் தெரியும். எனவே சூட்டு சுவிட்சைப் போட்டதும் அவன் கையில் ஒரு தேங்காய் மூடியைக் கொடுத்துத் துருவியின் முன்னால் உட்கார வைத்தாள். தேங்காய் முழுதும் திருவி முடிந்தால்தான் பெரிய சுவிட்சைத் தொடலாம். சின்னப் பெட்டிக்கும் கொஞ்சம் சூடு வேண்டும், அதில் இந்த முறை அற்புதமாக வேலை செய்தது. வீட்டில் துவையல் வாசம் வந்தால் மாப்பிள்ளை வயர்லெஸ் போடப்போகிறான் என்று அக்கம்பக்கம் தெரிந்துகொண்டது.

இரண்டாவது ஜோடியும் போயிற்று. காரணம், அன்று தேங்காய் சின்னது. அதோடு, பார்சலுக்குள் இருந்த தாளை அவன் அவசரத்தில் படிக்கவில்லை. ரயிலில் குலுங்கி வந்த புது வால்வில் பாதரசம் தெறித்துக் கம்பி முழுக்க ஒட்டியிருக்கும். அதையெல்லாம் காய்ச்சி இறக்க முதல் தடவை அரைமணி நேரம் சூடு மட்டும் கொடுக்க வேண்டும் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வால்வு வெடித்த பிறகு அதைப் படித்துவிட்டு, “சரியாத்தான் போட்டிருக்கான்” என்று வல்லிநாயகம் பாராட்டினான்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் முத்துராமலிங்கம் மகளைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்.

“மூணாவதா ஒரு ஜோடி வருதாம்லா? வரட்டும். அடுத்த ஞாயித்துக்கெழம அந்தப் பொட்டி மனுசக் கொரல்ல ஒரு மனுசன்கிட்டயாவது பேசணும். பேசலைன்னா திங்கக்கெழம காலைல பீர் மைதீன் வண்டியோட வருவாரு. பொட்டி அவருக்கு, தவிட்டு ரூம் அந்த ஆளுக்கு. அங்கன போயி ஒக்காந்து மூட்டை எண்ணட்டும்.”

பீர் மைதீன் வடகரையில் பழைய இரும்பு வாங்குகிறவர். தவிட்டு ரூம் என்பது மில்லில் உமியும் தவிடும் பறந்து மூக்கை அடைக்கிற இடம். வல்லிநாயகத்துக்கு மூட்டை எண்ணுவதில் வருத்தமில்லை. அந்தப் பெட்டி ஒன்றுதான் அந்த வளாகத்தில் அவனுடையது. அது போனால் அப்புறம் அவன் ரைஸ்மில் மாப்பிள்ளை மட்டும்தான், சாகிற வரைக்கும். இதை நினைத்தபோது அவனுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

தாணுவோடு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி என்று தட்டிப் பேசி முடிவு செய்தான். தாணுவுக்கு அன்றுதான் கடை லீவு, ஆறு மணிக்குத்தான் முதலாளி வீட்டு மாடி கிடைக்கும். இதைக் கேட்டதும் முத்துராமலிங்கத்தின் முகம் கறுத்தது. ஞாயிற்றுக்கிழமை நாலரை முதல் ஆறு வரை ராகுகாலம். ஆறு மணிக்குப் பேச வேண்டுமானால் வேலையை அதற்குள்தான் தொடங்கியாக வேண்டும்.

இந்த இடத்தில் முத்துராமலிங்கத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் நல்ல நேரம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். அவசர ஜோலியாக ராகுகாலத்தில் கிளம்பித்தான் தீர வேண்டும் என்றால் பரஸ்தானம் வைப்பார். அதாவது, முன்னாலேயே நல்ல நேரம் பார்த்து, தன் குடையையோ துணி மூட்டையையோ பக்கத்து வீட்டில் கொண்டு வைத்துவிடுவது. பிரயாணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நேரத்தில் புறப்பட்டாலும் தோஷமில்லை. எல்லோரும் செய்வதுதான். இவர் கொஞ்சம் அதிகம். அவருடைய குடை சொந்த வீட்டில் தூங்கிய ராத்திரிகளைவிடப் பக்கத்து வீட்டில் தூங்கிய ராத்திரிகள் ஜாஸ்தி. அருவியில் குளிக்கப் போவதற்குக்கூடத் துண்டு முன்னால் போய்க் காத்திருக்கும். பல் பிடுங்கப் போகும்போது மட்டும் எதை முன்னால் அனுப்புவதென்று புரியாமல் தவித்து, கடைசியில் வேப்பங்குச்சி ஒன்றை அனுப்பி வைத்தார்.

சனிக்கிழமை வர வேண்டிய பார்சல் வரவில்லை. ஞாயிறு மதியம் வல்லிநாயகம் தென்காசி ஸ்டேஷனில் போய் நின்றான். நின்றான் என்பது ஒரு பேச்சுக்குத்தான். பிளாட்பாரத்தில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்து ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தலைசுற்றல் வரவைத்தான். வண்டி வந்து, பார்சல் இறங்கி, அவன் கைக்கு வரும்போது ராகுகாலம் தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

வில்வண்டியில் ஏறிப் பெட்டியைக் குழந்தை மாதிரி மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டான்.

“மாடா, பைய போ.”

வண்டிக்காரன் மாடன் காளைகளை விட்டுவிட்டு அப்படியே திரும்பி அவனைப் பார்த்தான். “அண்ணாச்சி, ஒடம்புக்கு ஏதும் சொகமில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன். பள்ளம் மேடு பாத்துப் பைய போ.”

மாடன் வழி நெடுக அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். அதனால் ஒரு பள்ளமும் அவன் கண்ணில் படவில்லை. குற்றாலத்துக்குப் போகிற சீசன் கூட்டம் ஈரத் துண்டும் எண்ணெய்த் தலையுமாக ரோட்டை அடைத்துக்கொண்டு வேறு நடந்தது. வீடு வந்து சேர்வதற்குள் குப்பிக்குள் பாதரசம் கோலம் போட்டிருந்தது.

எஞ்சின் கொட்டகையில் மில் எஞ்சின்காரன் உச்சிமாகாளி வேலையைத் தொடங்கியிருந்தான். அந்த எஞ்சினின் தலையை ஊதுவிளக்கால் பழுக்கக் காய்ச்சிய பிறகுதான் சக்கரத்தைச் சுற்றிக் கிளப்ப முடியும். விளக்கு உஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்தது. வல்லிநாயகம் ஓடிப்போய்ப் பெட்டியைப் பிரித்தான், இரண்டு வால்வையும் ஆம்ப்ளிஃபையருக்குள் சொருகினான், மூடியை மாட்டினான், முன்பக்கம் வந்து நிமிர்ந்தான். நிமிர்ந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

இரண்டு சுவிட்சுக்கும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ஆளுக்கு ஒரு கண்ணி மல்லிகைப்பூ சுற்றியிருந்தது. இரண்டு கைப்பிடியும் மேலே தூக்கி நின்றன. சூட்டு சுவிட்சும் மேலே. பெரிய சுவிட்சும் மேலே. எஞ்சின் கிளம்பினால் இரண்டும் ஒன்றாகப் பாயும்.

“அகிலாண்டம்! ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? யாரு இதைத் தூக்கி வச்சது?”

அவள் அவன் வாயைப் பொத்தாத குறையாகக் கிட்டே வந்தாள். “பைய பேசுங்க. நான் இல்ல, எங்கய்யா வச்சாவ. நீங்க டேசனுக்குப் போன பொறவு, ராகுகாலத்துக்கு முன்னாடியே குளிச்சிட்டு வந்து, பரஸ்தானம்னு சொல்லித் தன் கையாலே ரெண்டையும் தூக்கி வச்சாவ. ‘நேரங்கெட்ட நேரத்துல ஆரம்பிச்சி மூணாவதும் வெடிச்சிரப்படாது, பாவம்’னாவ. ‘அவன்கிட்டச் சொல்லாத’ன்னும் சொன்னாவ.”

“பாவம்னா சொன்னாவ?”

“பாவம்னுதான் சொன்னாவ.”

வல்லிநாயகம் திரும்பிப் பார்த்தான். கூடத்தில் சாய்வு நாற்காலியில் நெற்றி நிறைய விபூதியோடு முத்துராமலிங்கம் உட்கார்ந்து, இந்தப் பக்கமே பார்க்காதவர் போல் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் அவனுக்காகச் செய்த முதல் காரியம் இது. நல்ல நேரத்தில் ஏற்றி வைத்ததை ராகுகாலத்தில் இறக்கினால் அதைவிடப் பெரிய அபசகுனம் அவருடைய அகராதியில் கிடையாது. இறக்கினால் மாமனார் போச்சு. இறக்காவிட்டால் வால்வு போச்சு, வால்வோடு எல்லாமே போச்சு.

பின்பக்கமாகப் போய் ஒரு வயரை உருவிவிட்டால் அவருக்குத் தெரியாமலே காரியம் முடியும் என்று புத்தியில் பட்டது. ஸ்குரூடிரைவரை எடுக்கத் திரும்பினான். அதற்குள் கொட்டகையில் உச்சிமாகாளி சக்கரத்தைச் சுற்றிவிட்டான். டுப் என்றது எஞ்சின். டுப், டுப் என்றது. பட்டை சரசரவென்று ஓடத் தொடங்கியது.

வல்லிநாயகம் பாய்ந்து பெரிய சுவிட்சை ஒரே இழுப்பாகக் கீழே இறக்கினான். மல்லிகைப்பூ அறுந்து தரையில் விழுந்தது. குங்குமம் அவன் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. குப்பிக்குள் கம்பி மட்டும் சிவக்கத் தொடங்கியது.

முத்துராமலிங்கம் எழுந்தார். விசிறியை நாற்காலியில் வைத்தார். “ஏட்டி, பரஸ்தானத்தைக் கலைச்சிட்டான் பாத்தியா?” என்றார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. மெல்லச் சொல்லிவிட்டுச் சாரலில் குடைகூட இல்லாமல் இறங்கிப் போனார். குடை வழக்கம்போலப் பக்கத்து வீட்டில் இருந்தது.

“மாமா, ஒரு நிமிசம்” என்று இவன் கூப்பிட்டது எஞ்சின் சத்தத்தில் போய்விட்டது. பின்னாலேயே ஓடலாம் என்றால், பெட்டியை விட்டு நகர முடியாது. அகிலாண்டேஸ்வரியை நம்பி அதை விட்டுப் போனால் அவள் அப்பாவின் மனத்துக்காகச் சுவிட்சை மறுபடி தூக்கிப் பூ வைத்துவிடுவாள். வேறு வழியில்லாமல் துருவியின் முன்னால் உட்கார்ந்தான். அவள் ஒரு கூடை தேங்காயை உடைத்துத் தயாராக வைத்திருந்தாள். திருவினான், திருவினான், திருவிக்கொண்டே இருந்தான். தாம்பாளம் நிறைந்து, அண்டா வந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. தேங்காய் திருவினால் கண்ணில் தண்ணீர் வராது என்று அகிலாண்டேஸ்வரிக்குத் தெரியும். அவள் அடுத்த மூடியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். குப்பிக்குள் ஒட்டியிருந்த பாதரசத் துளிகள் ஒவ்வொன்றாகக் காய்ந்து அடியில் இறங்கின.

ராகுகாலம் முடிந்தது. வால்வு பக்குவமாகிவிட்டது. பாட்டரியில் ஓடுகிற ரிசீவர் கரகரத்தது. அதற்குள்ளிருந்து, தண்ணீருக்கு அடியில் நின்று பேசுவது போல ஒரு குரல் வந்தது.

“வல்லிநாயகம்... வல்லிநாயகம்... கொழும்பிலிருந்து தாணு பேசுதேன். கேக்குதாவே?”

அவன் முதல்முதலாகக் கேட்கிற தாணுவின் குரல். இத்தனை காலம் கட்டையைத் தட்டியதற்கு ஒரு குரல் இருந்தது, அதில் அவன் பெயரும் இருந்தது. வல்லிநாயகத்தின் கை சுவிட்சுக்குப் போயிற்று.

“போடுங்க!” என்றாள் அகிலாண்டேஸ்வரி.

அவன் கையைத் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டான். “மாமா வரட்டும்.”

“என்னது?”

“மாமா வச்ச சுவிட்சு அது. நான் எறக்கினேன். அவங்கதான் ஏத்தணும்.”

அகிலாண்டேஸ்வரி வாயைப் பிளந்து அவனைப் பார்த்தாள். கெட்டிமேளத்துக்குக் காத்திருக்காத மனிதன் உலகத்திலேயே காத்திருக்கக்கூடாத நேரத்தில் காத்திருக்கிறான். “திங்கக்கெழம பீர் மைதீன் வருவாரு, ஞாபகம் இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அப்பாவைத் தேடி மழையில் ஓடினாள்.

தாணு மறுபடியும் கூப்பிட்டான். பிறகு கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு, “ஒண்ணும் கேக்கல. இன்னும் செத்த நேரம் பாப்பேன். முதலாளி வந்துருவாரு, அப்பறம் மூடிருவேன் கேட்டீரா?” என்றான். கேட்டுக்கொண்டுதான் இருந்தான் வல்லிநாயகம். உட்கார்ந்த இடத்திலேயே கால் ஓடிக்கொண்டிருந்தது, கை மட்டும் தொடைக்கு அடியில் கிடந்தது. இவ்வளவு கஷ்டமான காரியத்தை அவன் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

வாசலில் காலடி கேட்டது. முத்துராமலிங்கம் சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றார். விபூதி கரைந்து மூக்கு வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. பின்னால் அகிலாண்டேஸ்வரி மூச்சு வாங்கினாள். அவர் நேராகக் கொட்டகைக்குத்தான் போயிருக்கிறார், எஞ்சினை நிறுத்தச் சொல்வதற்கு. நிறுத்தினால் மறுபடி தலையைக் காய்ச்சி எடுக்க வேண்டும், பச்சைத் தலையோடு சுற்றினால் சக்கரம் பின்னால் உதைக்கும் என்று உச்சிமாகாளி முனகியிருக்கிறான். முதலாளிக்குத் தெரியாத விஷயமா அது? அந்த எஞ்சினிடம் உதை வாங்கிய மணிக்கட்டு அவருக்கே மழைக்காலத்தில் வலிக்கும். மணிக்கட்டைத் தடவியபடி கொட்டகை வாசலில் சாரலிலேயே வெகுநேரம் நின்றிருக்கிறார்.

“ஏட்டி, அவன்கிட்டக் கேளு. அந்தக் குப்பிக்கும் எஞ்சின் தலை மாதிரித்தான் மொதல்ல சூடு வேணுமா?”

“ஆமா மாமா” என்றான் வல்லிநாயகம்.

“இந்த ரெண்டாவது சுவிட்சு, சக்கரத்தைச் சுத்துத மாதிரியா?”

“ஆமா மாமா.”

“இதை மொத நாளே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னவாம்? சொல்லுததுலதான் ஒனக்கு அவசரமே கெடையாதே!”

கோபமாகத்தான் சொன்னார். ஆனால் மகளைப் பார்த்துச் சொல்லவில்லை, அவனைப் பார்த்தே சொன்னார். சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் அது உறைத்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

“தூக்குங்க மாமா. நேரம் நல்ல நேரம். கை மட்டும் நல்லாத் தொடச்சிக்கிடுங்க, ஈரக்கை ஆகாது.”

அகிலாண்டேஸ்வரி துண்டு கொடுத்தாள். அவர் விரல் இடுக்கெல்லாம் துடைத்து, கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, பெரிய சுவிட்சை வலது கையால் மேலே தூக்கினார். வெடிக்கவில்லை. இரண்டு குப்பிக்குள்ளும் நீல வெளிச்சம் அமைதியாக நிறைந்து நின்றது. முத்துராமலிங்கம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வல்லிநாயகம் மைக்கைப் பிடித்தான். “தாணு, தாணு, மேலகரம் வல்லிநாயகம் பேசுதேன், கேக்குதா?” சொல்லிவிட்டுக் கேட்கும் பக்கம் திருப்பினான். இரைச்சல். இன்னொரு தரம் கூப்பிட்டான். இரைச்சல்தான். முத்துராமலிங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அடப்பாவி மனுசா!” என்றது ரிசீவர். “மூடி வைக்கப் போயிட்டேன்வே! நல்லாக் கேக்குது, கணகணன்னு கேக்குது. என்ன வே இவ்வளவு நேரம்?”

வல்லிநாயகம் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் முத்துராமலிங்கம் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். “ஏலே, நீ செங்கோட்டையில எந்தத் தெரு? யாரு மகன்?”

“மாமா, மாமா, குடும்ப விசயம் பேசப்படாது! லைசென்ஸு போயிரும். மிசினைப் பத்தித்தான் பேசணும்.”

“அவ்வளவுதானே? மிசினைப் பத்தியே கேக்குதேன்.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “தம்பி, ஒன் மிசினு எப்பிடி இருக்கு? வேளாவேளைக்குச் சூடேத்துதியா? அங்கன ஒனக்குத் தேங்கா யாரு திருவுதா?”

வயர்லெஸ் சட்டத்தில் இப்படி ஒரு கேள்வியைத் தாணு எதிர்பார்த்திருக்க மாட்டான்.

“தேங்காயா? இங்கன தேங்காய்க்கு என்ன பஞ்சம், திருவத்தான் ஆளில்ல” என்றான். “அது இருக்கட்டும், நீங்க யாரு பேசுதிய?”

முத்துராமலிங்கம் நெஞ்சை நிமிர்த்தினார். மேலகரம் ரைஸ்மில் முதலாளி என்று தொடங்கினால் பாட்டனார், நஞ்சை, கோயில் மரியாதை வரைக்கும் சொல்லி முடிக்கிறவர் அவர். வாயைத் திறந்தார். வியாபாரம் பேசக்கூடாதே என்று வல்லிநாயகம் கையைப் பிசைந்தான். அவர் திறந்த வாயை ஒருதரம் மூடினார். ஆம்ப்ளிஃபையரைப் பார்த்தார், நீல வெளிச்சத்தைப் பார்த்தார், உள்ளங்கையில் குங்குமத்தோடு நிற்கிறவனைப் பார்த்தார்.

“நானா?” என்றார் மைக்கில். “நான் வல்லிநாயகத்தோட மாமனாருல்லா.”

சொல்லிவிட்டு மைக்கை அவனிடம் நீட்டினார். “பேசுங்க மாப்பிள்ளை.”

தாணு அங்கே காத்துக்கொண்டிருந்தான். வல்லிநாயகம் குங்குமக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, அவசரப்படாமல் மைக்கை வாங்கினான்.